1,846-இல் நின்றுவிட்ட பேக்கப்: அந்துப்பூச்சிப் படங்கள் மேலே ஏறவில்லை

விளக்கடி எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். விவரம் விட்டுப்போனால் பதில் சொல்பவர்களுக்குத்தான் சிரமம்.

மூன்று வருடமாக ராத்திரிதோறும் எங்கள் வராந்தாச் சுவரில் விளக்கு வெளிச்சத்துக்கு வந்து உட்காரும் அந்துப்பூச்சிகளைப் போனில் படம் எடுத்து வருகிறேன். மழைக்காலத்தில் ஒரே இரவில் நாற்பது, ஐம்பது வரும். சில பூச்சிகள் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னவை. எந்த இரவில் எது வந்தது என்பதற்கு இந்தப் படங்களை விட்டால் என்னிடம் வேறு பதிவு கிடையாது. நோட்டுப்புத்தகத்தில் எதையும் எழுதி வைக்கவில்லை. படத்தோடு பதிவாகும் தேதியும் நேரமும்தான் என் நோட்டு. மொத்தம் 11,400 படங்களும் இருநூற்றுச் சொச்சம் வீடியோக்களும் இருக்கின்றன.

போன் இரண்டு மாதம் முன்பு கீழே விழுந்தது. திரையின் வலது ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குத் தொட்டால் வேலை செய்யவில்லை. அந்தப் பட்டை வாராவாரம் கொஞ்சம் அகலமாகிறது. அதனால்தான் அவசரம்.

படங்களை இணையத்தில் ஏற்றி வைக்கும் மேகச் சேமிப்பில் காசு கட்டி 100 ஜி.பி. வாங்கியிருக்கிறேன். அதில் இன்னும் 38 ஜி.பி. காலியாக இருக்கிறது. ஆனால் 17 நாளாக ஒன்றும் ஏறவில்லை. இப்போது பேக்கப் ஆப்பைத் திறந்தால் "1,846 மீதமுள்ளன" என்று மட்டும் காட்டுகிறது. சில சமயம் "தயாராகிறது" என்று வரும், அப்புறம் மறுபடி அதே எண். புதிதாக எடுக்கும் படங்கள் சேர்ந்தால் எண் கூடுகிறதே தவிர ஒருநாளும் குறையவில்லை. இரண்டு நாளாகப் புதிதாக எதுவும் எடுக்காமல் வைத்திருக்கிறேன்.

வைஃபை நன்றாக இருக்கிறது, வீடியோ தடங்கலில்லாமல் ஓடுகிறது. போனை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். ஆப்பை அப்டேட் செய்தேன். ஆண்ட்ராய்டு 14. ஒரு சர்வீஸ் கவுன்ட்டரில் கேட்டதற்கு, எல்லாவற்றையும் அழித்து ஃபாக்டரி ரீசெட் செய்தால் சரியாகிவிடும் என்றார்கள். எனக்குக் கை வரவில்லை. ரீசெட் செய்தால் மேலே ஏறாத 1,846 என்ன ஆகும்? "டேட்டாவை அழி" என்று ஆப் செட்டிங்ஸில் ஒன்று இருக்கிறதே, அதைத் தொடலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கம்பிவழி எழுதியது:

ரீசெட் வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். மேலே ஏறாத 1,846 கோப்புகளும் இப்போது உலகத்திலேயே ஒரே ஓர் இடத்தில், அந்த விரிசல் விட்ட போனுக்குள் மட்டும்தான் இருக்கின்றன. ரீசெட் செய்தால் அவை போனதுதான். உங்கள் கை வராமல் போனது நல்லது.

நீங்கள் கேட்ட மற்றது. "கேஷை அழி" என்பது தற்காலிகக் கோப்புகளை மட்டும் எடுக்கும், தைரியமாகச் செய்யலாம். "டேட்டாவை அழி" என்பது அந்த ஆப்பின் செட்டிங்ஸையும் கணக்கு விவரத்தையும் எடுத்துவிடும். கேமரா எடுத்த படங்கள் டி.சி.ஐ.எம். ஃபோல்டரில் தனியாக இருப்பதால் பொதுவாக அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஆப்புக்குள்ளேயே பூட்டிய ஃபோல்டர் ஏதாவது வைத்திருந்தால், அதில் உள்ளவை ஆப்பின் டேட்டாவோடு சேர்ந்து அழிந்துவிடலாம். இருக்கிறதா என்று உறுதி செய்யாமல் அதைத் தொடாதீர்கள்.

பேக்கப் ஏன் நின்றது என்று தேடுவதற்கு முன்னால் ஒரு வேலை. கேபிள் போட்டு எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு இறக்குங்கள். மேகம் அப்புறம். சில கேபிள்கள் சார்ஜ் மட்டும்தான் செய்யும், டேட்டா போகாது. கம்ப்யூட்டரில் போன் தெரியவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். செருகியதும் போனில் மேலிருந்து அறிவிப்பை இழுத்து "கோப்புப் பரிமாற்றம்" என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பதினோராயிரத்தையும் ஒரே இழுப்பில் நகலெடுக்காதீர்கள். பாதியில் நின்றால் எது வந்தது, எது வரவில்லை என்று தெரியாது. தேதிப்படி அடுக்கி, மாதம் மாதமாக எடுங்கள். ஒவ்வொரு மாதமும் முடிந்ததும் இரண்டு பக்கமும் எண்ணிக்கை ஒன்றுதானா என்று பாருங்கள்.

இன்னொன்று. தொடுதிரை முழுசாகச் செத்துவிட்டாலும் கலங்க வேண்டாம். ஓ.டி.ஜி. அடாப்டர் (போனின் சார்ஜ் துளையில் யூ.எஸ்.பி. பொருட்களைச் செருக உதவும் சின்ன இணைப்பு) ஒன்று வாங்கி, சாதாரண யூ.எஸ்.பி. மவுஸைப் போனில் செருகினால் பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் அம்புக்குறி வரும். திரையில் காட்சி தெரியும் வரை அதை வைத்தே திறந்து வேலை பார்க்கலாம். அந்தப் பட்டை அகலமாகிக்கொண்டே போவதால் அடாப்டரை இப்போதே வாங்கி வையுங்கள்.

நகல் எடுத்த பிறகு ஒரு சோதனை. போனைச் சார்ஜில் போட்டு, வைஃபையில் இணைத்து, பேக்கப் ஆப்பைத் திறந்து, திரை அணையாமல் இருபது நிமிடம் வையுங்கள். அப்போது எண் குறைந்தால் காரணம் பேட்டரிக் கட்டுப்பாடு. ஆண்ட்ராய்டு 6 வந்த 2015-இலிருந்தே, போன் சும்மா கிடக்கும்போது பின்னணியில் ஓடும் ஆப்களை அது தூங்க வைத்துவிடும். அதற்கு மேல் சில போன்கள் தங்கள் பங்குக்கு இன்னும் கடுமையாகக் கட்டுப்படுத்தும். செட்டிங்ஸில் அந்த ஆப்பின் பேட்டரிப் பகுதிக்குப் போய் "கட்டுப்பாடில்லை" என்று மாற்றினால் போதும். திரை எரிந்துகொண்டிருக்கும்போதும் எண் அசையவில்லை என்றால் விஷயம் வேறு. வந்து சொல்லுங்கள்.


தூறல் எழுதியது:

கம்பிவழி சொன்னதோடு இரண்டைச் சேர்க்கிறேன்.

அந்த வைஃபை இன்னொரு போனின் ஹாட்ஸ்பாட்டா? அப்படியானால் உங்கள் போன் அதை "அளவிடப்பட்டது" என்று கணக்கில் வைத்திருக்கலாம். நமக்கு வைஃபை அடையாளம் தெரியும், ஆனால் பேக்கப் ஆப் அதை மொபைல் டேட்டா போலப் பார்த்துக்கொண்டு காத்திருக்கும். வைஃபை பெயரைத் தொட்டால் உள்ளே மாற்றலாம்.

அடுத்தது கணக்கு. தயவுசெய்து எந்தக் கணக்குக்குப் படங்கள் போகின்றன என்று பாருங்கள். எனக்கு நடந்தது இது. போனில் என் கணக்கும் வேலைக் கணக்கும் இருந்தன. எட்டு மாதப் படங்கள், என் மகள் நடக்கப் பழகிய வீடியோ உட்பட, வேலைக் கணக்குக்கு ஏறிக்கொண்டிருந்தன. வேலையை விடுவதற்கு மூன்று நாள் முன்புதான் கண்டுபிடித்தேன். அந்த மூன்று இரவும் தூங்காமல் இறக்கி எடுத்தேன். கணக்கை மூடியிருந்தால் அவ்வளவும் போயிருக்கும்.

கடைசியாக ஒன்று. ஏறிவிட்டதா என்பதைப் போனில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். போனில் உள்ளதையும் மேகத்தில் உள்ளதையும் ஆப் கலந்துதான் காட்டும். கம்ப்யூட்டரில் பிரவுசரைத் திறந்து, அந்தக் கணக்கில் நுழைந்து பாருங்கள். அங்கே தெரிந்தால்தான் அது மேலே இருக்கிறது.


மலைப்பாதை எழுதியது:

கேள்வி ஆண்ட்ராய்டு பற்றியது என்று தெரியும். பின்னால் ஐஃபோன்காரர்கள் இதைத் தேடி வருவார்கள் என்பதால் சுருக்கமாக எழுதுகிறேன். பேட்டரி அடையாளம் மஞ்சளாக இருந்தால் குறைந்த மின்சக்தி முறை ஓடுகிறது என்று அர்த்தம், அதில் ஐகிளவுட் படங்கள் ஏறுவது நின்றுவிடும். இலவச இடம் 5 ஜி.பி.தான், சீக்கிரம் நிரம்பிவிடும். ஐகிளவுட் போட்டோஸ் என்பது ஒத்திசைவு. போனில் இடம் வேண்டும் என்று ஒரு படத்தை அழித்தால் மேகத்திலும் மற்றக் கருவிகளிலும் சேர்ந்தே அழியும். "சமீபத்தில் நீக்கியவை"யில் 30 நாள் இருக்கும், அதற்குள் எடுத்துக்கொள்ள வேண்டும். இது தெரியாமல் அழித்துவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கனத்துப்போகிறது.

விளக்கடி, எண் குறைகிறதா என்று எழுதுங்கள். நானும் காத்திருக்கிறேன்.


விளக்கடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று முழுக்க இதே வேலைதான்.

கணக்கு சரியாக இருக்கிறது, ஒன்றே ஒன்றுதான். வைஃபை வீட்டு ரூட்டர், ஹாட்ஸ்பாட் இல்லை. பூட்டிய ஃபோல்டர் நான் வைத்ததே இல்லை. பேட்டரியைக் "கட்டுப்பாடில்லை" ஆக்கி, சார்ஜில் போட்டு, திரையை எரிய விட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். 1,846. அசையவில்லை.

கேபிள் வேலையில்தான் ஒன்று தட்டுப்பட்டது. மாதம் மாதமாக இறக்கினேன். இரண்டு வருடம் பத்து மாதம் வரை ஒரு சிக்கலும் இல்லை, எண்ணிக்கையும் ஒத்துப்போனது. கடைசி இரண்டு மாதத்துக்கு வந்தபோது ஓர் இடத்தில் நின்றது. மறுபடி செய்தேன், அதே இடம். மூன்றாவது தடவை அதே இடம். ஒரு வீடியோ. 7.4 ஜி.பி. அதன் தேதியைப் பார்த்தேன், பேக்கப் நின்ற அதே நாள்.

அந்த ராத்திரி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சுவரை ஒட்டிய செடியில் ஒரு கூட்டுப்புழுக்கூடு இருந்தது. அதிலிருந்து நிலா அந்துப்பூச்சி வெளியே வந்தது. வெளிர்பச்சை, பின்னால் நீண்ட வால். வெளியே வரும்போது இறக்கை கசங்கிய துணி மாதிரி உடம்போடு ஒட்டிக்கொண்டிருக்கும். தலைகீழாகத் தொங்கியபடி உடம்பிலிருந்து திரவத்தை நரம்புகளுக்குள் செலுத்திச் செலுத்தித்தான் அதை விரிக்கும். மூன்று வருடத்தில் முதல் தடவையாகக் கண்ணால் பார்த்தேன். போனைச் செடியின் பக்கத்தில் சாய்த்து வைத்து 4கே-யில் பதிவு செய்தேன். 22-ஆவது நிமிடத்தில் பேட்டரி தீர்ந்து போன் அணைந்துவிட்டது.

அந்த வீடியோ கேலரியில் சாம்பல் கட்டமாகத் தெரிகிறது. தொட்டால் ஓடவில்லை. போன் பழையது, அதனால் திணறுகிறது, கம்ப்யூட்டரில் போட்டால் ஓடும் என்று நினைத்திருந்தேன். இப்போது பயமாக இருக்கிறது. இதுதான் அடைத்துக்கொண்டிருக்கிறதா? இதை அழித்தால்தான் மற்றவை ஏறும் என்றால் என்ன செய்வது?


கம்பிவழி எழுதியது:

அழிக்க வேண்டாம். நகர்த்தினால் போதும். அதற்குள் இருக்கும் காட்சியும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஏன் என்று சொல்கிறேன்.

போன் வீடியோ பதிவாகும் எம்.பி.4 கோப்பில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று படமும் ஒலியுமான தரவு. இன்னொன்று அட்டவணை. எந்தச் சட்டகம் (வீடியோவின் ஒவ்வொரு தனிப் படம்) கோப்பில் எந்த இடத்தில் தொடங்குகிறது, மொத்த நீளம் எவ்வளவு என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். பெரும்பாலான கேமரா ஆப்கள் பதிவை நிறுத்தும்போதுதான் இந்த அட்டவணையைக் கடைசியாக எழுதும். நடுவில் மின்சாரம் போனால் தரவு இருக்கும், அட்டவணை இருக்காது. ஓட்டும் ஆப்புக்கு எங்கே தொடங்குவது என்று தெரியாது. 22 நிமிட 4கே வீடியோவுக்கு 7.4 ஜி.பி. என்பது சரியான அளவுதான். அப்படியென்றால் காட்சி பதிவாகியிருக்கிறது.

பேக்கப் ஆப் இந்தக் கோப்பைத் திறந்து நீளத்தைப் படிக்கப் பார்க்கும், முடியாது, மறுபடி பார்க்கும். சில ஆப்கள் தாவி அடுத்ததற்குப் போய்விடும். உங்களுடையது வரிசையின் முன்னாலேயே நின்றுவிட்டது. எண் அசையாமல் ஒரே இடத்தில் நிற்கிறது, கேபிளும் அதே கோப்பில் நிற்கிறது என்று நீங்கள் எழுதியதும் இதுவாகத்தான் இருக்கும் என்று தோன்றியது.

செய்ய வேண்டியது இது. வாங்கி வைத்த ஓ.டி.ஜி. அடாப்டரில் ஒரு பென் டிரைவைச் செருகி, ஃபைல் மேனேஜர் வழியாக அந்த வீடியோவை அதற்கு நகலெடுங்கள். கேபிளில் சிக்குகிற பெரிய கோப்பு இப்படி வந்துவிடும். பென் டிரைவ் ஃபேட்32 வடிவத்தில் இருந்தால் 4 ஜி.பி.க்கு மேல் ஒரு கோப்பை ஏற்காது. முதலில் கம்ப்யூட்டரில் எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள், அதில் வேறு முக்கியமானது ஏதும் இல்லை என்று பார்த்துவிட்டு.

நகல் வந்ததும், போனில் டி.சி.ஐ.எம்.-க்கு வெளியே புது ஃபோல்டர் ஒன்று தொடங்கி, மூலக் கோப்பை அங்கே நகர்த்துங்கள். அந்த ஃபோல்டருக்குள் .நோமீடியா (.nomedia) என்ற கோப்பு ஒன்று இருந்தால் கேலரி அதைக் கண்டுகொள்ளாது. பெயரின் முன்னால் புள்ளி அவசியம், பெயர் ஆங்கிலச் சிற்றெழுத்தில் இருக்க வேண்டும். பேக்கப் ஆப்புக்குள் இருந்து மட்டும் எதையும் நீக்கிவிடாதீர்கள். பல ஆப்களில் அங்கே நீக்கினால் போனிலும் போய்விடும். அப்புறம் போனை ஒரு தடவை அணைத்துப் போடுங்கள்.

வீடியோவை மீட்க அன்ட்ரங்க் என்ற இலவசக் கருவி இருக்கிறது. அதே போனில், அதே 4கே அமைப்பில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால், அதைப் பார்த்து உடைந்த கோப்புக்குப் புது அட்டவணை கட்டும். ஒரு நிமிடச் சுவர் வீடியோ போதும். பென் டிரைவில் உள்ள நகலைக் கம்ப்யூட்டரில் இன்னொரு நகல் எடுத்து, அதில் மட்டும் கை வையுங்கள். போனில் உள்ள மூலம் அப்படியே இருக்கட்டும்.

ஏற எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போட, இணையத்தின் அப்லோடு வேகத்தைப் பாருங்கள். டவுன்லோடு வேகம் இதற்கு உதவாது. அப்லோடு நொடிக்கு 4 மெகாபிட் (Mbps) என்றால், எட்டு பிட் ஒரு பைட் என்பதால் நொடிக்கு அரை மெகாபைட், மணிக்கு 1.8 ஜி.பி. மீதி 27 ஜி.பி. இருந்தால் 15 மணி நேரம். நடுவில் பொறுமை இழந்து எதையும் நிறுத்தாதீர்கள்.


விளக்கடி எழுதியது:

1,845.

நகர்த்தி, அணைத்துப் போட்ட நாலாவது நிமிடம். அப்புறம் 1,844. கண்ணில் நீர் வந்துவிட்டது, உண்மையாகவே.


தூறல் எழுதியது:

படிக்கும்போது எனக்கும்தான். முடிந்ததும் பிரவுசரில் எண்ணிப் பாருங்கள்.


விளக்கடி எழுதியது:

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். இரண்டு இரவும் ஒரு பகலும் ஆனது. எங்கள் அப்லோடு வேகம் ராத்திரியில்தான் நன்றாக இருக்கிறது, பகலில் ஊர்ந்துதான் போனது. எண் பூஜ்யமானதும் தூறல் சொன்ன மாதிரி பிரவுசரில் பார்த்தேன். அங்கே ஒன்று பிடிபட்டது. சின்னப் பூச்சிகளுக்காக வேறொரு கேமரா ஆப் வைத்திருந்தேன், மிக அருகில் எடுப்பதற்கு. அது தன் படங்களைத் தனி ஃபோல்டரில் போட்டிருக்கிறது. பேக்கப்பில் அந்த ஃபோல்டர் ஆன் ஆகவே இல்லை. 340 படங்கள், அவ்வளவும் மிகச் சின்ன அந்துக்கள். அவை "மீதமுள்ளன" என்ற கணக்கிலேயே வந்திருக்கவில்லை. அந்த ஃபோல்டரையும் ஆன் செய்தேன், ஒரு மணி நேரத்தில் ஏறிவிட்டது. கேபிள் நகலில் அதுவும் விட்டுப்போயிருந்தது, நான் டி.சி.ஐ.எம். மட்டும்தான் எடுத்திருந்தேன். இப்போது அதையும் இறக்கிவிட்டேன். வேறு கேமரா ஆப், எடிட்டிங் ஆப் வைத்திருப்பவர்கள் இந்த ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொடுதிரை நேற்று சாயங்காலம் பாதிக்கு மேல் போய்விட்டது. இப்போது மவுஸில்தான் ஓட்டுகிறேன். கம்பிவழி அண்ணா, அடாப்டரை முன்கூட்டியே வாங்கச் சொன்னதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

வீடியோ. முதல் தடவை அன்ட்ரங்க் ஓடவில்லை. மாதிரியாகக் கொடுத்த வீடியோவை நான் 4கே-யில் எடுத்திருக்கவில்லை, அதுதான் காரணம். மவுஸை வைத்துப் போனில் 4கே-யில் சுவரை ஒரு நிமிடம் பதிவு செய்து அதைக் கொடுத்தேன். 19 நிமிடம் 40 நொடி திரும்பி வந்திருக்கிறது. ஒலி கொஞ்சம் விலகி ஓடுகிறது, அது பரவாயில்லை, சுவர்க்கோழிச் சத்தம்தான். கடைசி இரண்டு நிமிடம் வரவில்லை.

ஏழாவது நிமிடம் வரை இறக்கை விரல் நுனி அளவுக்குத்தான் இருக்கிறது. அப்புறம் மேல் ஓரத்து நரம்பு நிமிர்கிறது. பன்னிரண்டாவது நிமிடத்தில் இறக்கையில் உள்ள கண் போன்ற வட்டம், சுருக்கத்துக்குள் மடிந்து கிடந்தது, மெல்லத் திறக்கிறது. வால் மட்டும் இன்னும் முறுக்கிக்கொண்டு தொங்குகிறது. அன்றைக்கு நேரில் பார்த்தபோது இந்த வட்டம் திறந்ததை நான் கவனிக்கவே இல்லை.

மீட்ட கோப்பு இப்போது மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. 62 சதவீதம்.